உங்களுக்குத் தெரியுமா? தொட்டிக்கட்டு வீட்டுப் பிள்ளை இத்தாலிக் குன்றேறினால்...

கோவையில் பி.ஆர்க். படிக்கும் பிள்ளைகளிடம் மேற்படிப்பு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். லண்டன் என்பார்கள், ஜெர்மனி என்பார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் ஒர்வியேத்தோ, ஊர்பினோ, பெரூஜா என்று நாம் கேட்டிராத பெயர்களைச் சொல்வார்கள். எல்லாமே இத்தாலியில் குன்றின் தலையில் கட்டிய பழைய ஊர்கள். "இவ்வளவு செலவு பண்ணிப் போயி ஒரு கரட்டு மேல உக்காந்து என்னத்தக் கண்ணு படிக்கப் போறே?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த வாரப் பக்கம் அந்தக் கேள்விக்காக.

★

ரோமுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் சிவிதா என்றொரு சிற்றூர். 2,500 ஆண்டுகளுக்கு முன்பே எட்ருஸ்கர்கள் குடியேறிய குன்று. மேலே எரிமலைச் சாம்பல் இறுகிய மென்கல்; அடியில் களிமண். மழையும் ஓடையும் களிமண்ணை அரித்துக்கொண்டே இருப்பதால் ஓரத்து வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 1695-இல் வந்த நிலநடுக்கம் இன்னும் கொஞ்சத்தைக் கொண்டுபோனது. உள்ளே கார் போகாது. 1965-இல் கட்டிய நீளமான நடைபாலம் ஒன்றுதான் வழி. 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்றே இத்தாலியர்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த ஊரை வகுப்பறையாக்கியவர் அஸ்த்ரா சரீனா. லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவில் கட்டடக்கலை படித்தவர். அந்தத் துறைக்கான ரோம் பரிசைப் பெற்ற முதல் பெண். 1976 முதல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களைச் சிவிதாவுக்கே அழைத்துப் போய்த் தங்க வைத்தார். ஊர்க்காரர்களோடு ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, அதே படிகளில் தினமும் ஏறி இறங்கி, பார்த்ததைக் கையால் வரைய வேண்டும். இடிந்து கிடந்த வீடுகளை அவரும் வாங்கிப் பழைய முறையிலேயே சீராக்கினார். இன்று அந்த ஊருக்குள் நுழைய டிக்கெட் எடுக்க வேண்டும். அவ்வளவு கூட்டம் வருகிறது.

★

அங்கே போய்ப் படிப்பதில் பாதி, அளப்பதுதான். டேப், தூக்குக்குண்டு, ரசமட்டம், பென்சில், ஒரு அட்டை. சுவர் எத்தனை அங்குலம், ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூன்றாவது படி மட்டும் ஏன் தேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து, வீட்டை அப்படியே தாளுக்குக் கொண்டுவருவது. இதில் ஒரு கறாரான விதி உண்டு. அளந்ததற்கு முழுக்கோடு, அளக்காததற்குப் புள்ளிக்கோடு. "இப்படித்தான் இருக்கும்" என்று ஊகித்து முழுக்கோடு போடுவது பொய்க் கணக்கு எழுதுவது மாதிரி.

★

இத்தாலியில் மனிதர்கள் குன்றின் மேலே இருக்கிறார்கள். கொங்கில் சாமி மேலே, மனிதர்கள் கீழே. ஏன் தெரியுமா?

திருச்செங்கோடு, சென்னிமலை, சிவன்மலை, மருதமலை என்று நமக்குக் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. உச்சியில் கோயில் இருக்கும்; சங்ககிரி என்றால் கோட்டை இருக்கும். தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட அதே கோட்டை. ஊர் மட்டும் எப்போதும் அடிவாரத்தில்தான். காரணம் காலடியில் இருக்கிறது. நம் குன்றுகள் கெட்டியான பாறை. உளி பட்டால் தீப்பொறி பறக்கும். கிணறு வெட்ட முடியாது, வெள்ளாமைக்கு மண் கிடையாது. ஒர்வியேத்தோ, சிவிதா பக்கத்துக் குன்றுகளோ கோடாரியால் செதுக்கக்கூடிய மென்கல். வீட்டுக்கு அடியிலேயே குடைந்து நிலவறை, புறாக்கூடு, ஒயின் வைக்கும் அறை எல்லாம் செய்தார்கள். குடைந்தெடுத்த கல்லிலேயே மேலே வீடும் கட்டினார்கள். ஒர்வியேத்தோ நகரத்தின் அடியில் மட்டும் இப்படி 1,000-க்கும் மேற்பட்ட குகைகள் உள்ளன.

பகைவர் பயமும் மேலே ஏற வைத்தது. சமவெளியில் காய்ச்சல் வேறு. மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழிதான். 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பு நிலத்துக் காற்றால்தான் அந்தக் காய்ச்சல் வருகிறது என்று நம்பினார்கள். கொசுதான் காரணம் என்று கண்டுபிடிக்கும் முன்னரே, கொசு குறைந்த உயரத்துக்கு வீட்டை மாற்றிவிட்டார்கள்.

★

1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமென்ட் ஒர்வியேத்தோவுக்கு ஓடிவந்தார். முற்றுகை வந்தால் குன்றின் மேல் தண்ணீருக்கு என்ன செய்வது? அந்தோனியோ தா சங்காலோ என்ற கட்டடக் கலைஞர் கிணறு ஒன்றைத் தோண்டினார். ஆழம் 50 மீட்டருக்கும் மேல். சுவரை ஒட்டி இரண்டு சுழல்பாதைகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். ஒன்றில் வெறும் குடத்தோடு இறங்கும் கோவேறு கழுதை, அடியில் சின்னப் பாலத்தைக் கடந்து, மற்றதில் நீரோடு ஏறும். இறங்குவதும் ஏறுவதும் ஓரிடத்திலும் முட்டிக்கொள்ளாது. நடுக்கிணற்றைப் பார்த்து வைத்த ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் அடி வரை போகும். பத்து ஆண்டு வேலை.

இதைப் படிக்கும் கொங்குப் பிள்ளைக்குச் சென்னிமலை ஞாபகம் வர வேண்டும். அங்கே முருகனின் அபிஷேகத்துக்குத் தீர்த்தம் சுமந்து 1,320 படிகளை ஏறுவது பொதிகாளைகள்தான். மாடு கால் வைக்கத் தோதாகப் படி எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? மனிதனுக்குச் சரியான படி மாட்டுக்குச் சரிப்படுமா? அடுத்த முறை போகும்போது ஒரு அளவுகோல் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த தோட்டத்துக் கிணறு எங்காவது மிச்சமிருந்தால் அதையும் பாருங்கள். மாடு தன் உடம்பின் கனத்தையும் சேர்த்து இழுக்கட்டும் என்று தடத்தைச் சரிவாக வெட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடம் பார்க்காத ஒருவர் போட்ட கணக்கு அது.

★

விட்ருவியஸ் என்ற ரோமானியர் கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றிப் பத்துப் பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். அதில் நடுவே முற்றமுள்ள வீடுகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். தூணே இல்லாமல் உத்தரங்கள் மட்டும் கூரையைத் தாங்கினால் அது ஒரு வகை. எட்ருஸ்கர்களின் பெயரால் அதை அழைக்கிறார். நான்கு மூலையிலும் நான்கு தூண் நின்றால் அது வேறொரு வகை. நாலு பக்கக் கூரையும் உள்ளே சரிந்து, மழைநீர் நடுவிலுள்ள தொட்டியில் விழும்.

நாலு தூண், நடுவில் தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம். கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் தொட்டிக்கட்டு வீடு. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கட்டினார் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. வெயிலும் மழையும் கூட்டுக் குடும்பமும் அங்கும் இருந்தன, இங்கும் இருந்தன. விடை ஒன்றுபோல வந்திருக்கிறது.

காங்கேயம் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படிப்பட்ட வீட்டை மாணவர்கள் அளக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். ஆசாரத்தை அளந்து முடித்துத் தொட்டிக்கு வந்தார்கள். தொட்டித் தரை எந்தப் பக்கம் வாட்டமாக இருக்கிறது என்று பார்க்க ஒரு பெண் ரசமட்டத்தை வைத்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா எழுந்து வந்தார். "இதுக்கு எதுக்குங் கண்ணு இத்தன பாடு?" என்றபடி ஒரு சொம்புத் தண்ணீரைத் தென்மேற்கு மூலையில் ஊற்றினார். தண்ணீர் ஒரு நொடி நின்றது. பிறகு கல் இணைப்புகளின் வழியே வளைந்து, எங்கும் தேங்காமல், வடகிழக்கு மூலையிலிருந்த ஜலதாரைக்குள் போய் மறைந்தது. அந்தப் பெண் சாக்பீஸ் எடுத்து ஈரம் காய்வதற்குள் அந்தத் தடத்தின் மேலேயே கோடு போட்டுக்கொண்டாள். "மழைன்னா நாலு எறவாரத்துலயும் அண்டா வெச்சுப் புடிப்போஞ் சாமி. சோறாக்க அந்தத் தண்ணிதான்" என்றார் அப்பத்தா. அதையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைத்தார்கள். அண்டா வைக்கும் நான்கு இடங்களையும் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நான் பார்த்த வரைபடங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

★

இத்தாலிக்கும் நமக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததா என்ன? இன்று கோவையின் புறநகராகிவிட்ட வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல் கிடைத்தது. 500-க்கும் மேற்பட்ட காசுகள். பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் பேரரசர்களின் காலத்தவை. பிறகும் அதே ஊரில் புதையல்கள் கிடைத்தன. மேற்குக் கடற்கரைத் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கே வந்தால், நொய்யல் கரைதான் பாதை. அதே நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள், மணிக்கற்களை அறுத்துப் பட்டைதீட்டிய இடங்கள் எல்லாம் வெளிவந்தன. நீலப்பச்சைக் கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. அந்தக் கல் இந்தியாவில்தான் கிடைக்கும், வேறிடத்தில் அரிது என்று எழுதியவர் ரோமானிய அறிஞர் பிளினி. அவர் கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தார்.

★

மோன்டேபுல்சியானோ, தஸ்கனிப் பகுதியில் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே நிற்கும் ஊர். அந்த ஊர்ப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் 1606-இல் மதுரைக்கு வந்தார், தமிழும் வடமொழியும் கற்றார், காவி உடுத்தினார். ராபர்ட் டி நொபிலி. தத்துவ போதகர் என்றால் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். 1623-இல் மதுரையிலிருந்து வடக்கே கிளம்பிச் சேந்தமங்கலம், சேலம் வரை வந்தார். சேந்தமங்கலத்தில் நின்று கொல்லிமலையை அண்ணாந்து பார்த்தபோது சொந்த ஊர்க் குன்று அவர் நினைவில் வந்திருக்குமா? எனக்கு அப்படி நினைத்துப் பார்க்கப் பிடிக்கிறது.

★

தேர் ஓடாத ஊரின் வீதியை யாரும் அவ்வளவு அகலமாக விடமாட்டார்கள். அவிநாசி ரதவீதியில் தேரோட்டத்தன்று மூலையில் நில்லுங்கள். வடம் இழுப்பவர்களைவிட, சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடுபவர்களைக் கவனியுங்கள். கட்டையைச் சக்கரத்தின் அடியில் எந்தக் கோணத்தில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் அவ்வளவு பெரிய தேரும் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு வேண்டிய இடம்தான் வீதி முனையின் அளவு.

இத்தாலியின் குப்பியோ நகரிலும் ஆண்டுதோறும் மே 15 அன்று இப்படி ஒன்று நடக்கிறது. உயரமான மரக்கோபுரங்கள் மூன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, செங்குத்தான சந்துகளில் ஓடி, மலை உச்சிக் கோயிலுக்கு ஏறுகிறார்கள். தோள் மாற்றும் இடம் எது, எந்த வளைவில் யார் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது. வீதியை வெறும் வழி என்று நினைக்கும் கட்டடக்கலை மாணவர், இந்த இரண்டில் ஒன்றையாவது ஒருநாள் கூடவே ஓடிப் பார்க்க வேண்டும்.

★

சியெனா நகரில் ஆறு கிடையாது. நிலத்துக்கு அடியில் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் குடைந்து, ஊற்று நீரையும் கசிவு நீரையும் நகருக்குக் கொண்டுவந்தார்கள். இடைக்காலத்து வேலை; இன்றும் உள்ளே நடந்து போகலாம். நொய்யல் தண்ணீரை அணைக்கட்டுகளில் திருப்பிக் கிருஷ்ணாம்பதி, செல்வசிந்தாமணி, உக்கடம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று குளம் குளமாக இறக்கியவர்கள் செய்ததும் அதற்குக் குறைந்த வேலை இல்லை. உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

★

விடுதிக் கட்டடத்தையே பாடமாகப் படிக்கும் ஊர் ஊர்பினோ. ஓவியர் ரஃபேல் 1483-இல் பிறந்த ஊர். ஜான்கார்லோ தி கார்லோ என்ற கட்டடக் கலைஞர் 1950-களிலிருந்து பல பத்தாண்டுகள் அந்த ஒரே ஊருக்காக உழைத்தார். மாணவர் விடுதிகளை அவர் ஒரே பெரிய கட்டடமாக எழுப்பவில்லை; குன்றின் சரிவில் படிப்படியாக இறங்கும் அறைகளாகக் கட்டினார். பழைய ஊருக்குள் இடிந்த மடங்களைக் கல்லூரிக் கட்டடங்களாக மாற்றினார். வெளிச்சுவர் பழசு, உள்ளே புது நூற்றாண்டு. 1976-இல் உலகெங்குமுள்ள மாணவர்களை வரவழைத்து ஒரு கட்டடக்கலைப் பட்டறையையும் அங்கே தொடங்கினார். ஒரு வேலையை எடுப்பதற்கு முன் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

★

இப்போது செலவுக் கணக்கு. வீட்டில் எல்லோரும் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இங்கே பி.ஆர்க். ஐந்து ஆண்டு. அதை முடித்துவிட்டு இத்தாலியில் முதுகலை என்றால் இரண்டு ஆண்டு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது; வருமானம் குறைந்தவர்களுக்கு மாநில அளவிலான உதவித்தொகையும் உண்டு. அதற்கு வருமானச் சான்று, சொத்துச் சான்று எல்லாம் முறையாக மொழிபெயர்த்துத் தர வேண்டும். ஊர்த் தாசில்தார் அலுவலகத்தில் தொடங்கும் வேலை என்பதால் ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். அங்கே போய் இறங்கியதும் 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பிளஸ் டூ முடித்ததும் இளங்கலைக்கே வெளிநாடு போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்யாதவர் இந்தியாவில் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் படிப்பை மன்றம் ஏற்குமா என்று போகும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

முதுகலையை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். ஆனால் கொத்தனார் ஆங்கிலம் பேசமாட்டார். அவரிடமிருந்து கற்க வேண்டும் என்றால் இத்தாலியம் வேண்டும். பெரூஜாவில் 1921 முதல் வெளிநாட்டவருக்கு மொழி சொல்லிக் கொடுக்கவென்றே ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது.

★

அவிநாசி ரோட்டுப் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் 'இத்தாலியன் மார்பிள்' என்று பெருமையாகச் சொல்வார்கள். கராரா மலையில் ரோமானியர் காலத்திலிருந்து வெட்டும் கல். மிக்கேலாஞ்சலோ தாவீதைச் செதுக்கியதும் அதில்தான். அழகான கல், மறுப்பதற்கில்லை. ஆனால் அது உளிக்கு வளைந்து கொடுக்கும். பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் கனகசபைக்குப் போய் விதானத்தைப் பாருங்கள். வளையத்துக்குள் வளையமாகத் தொங்கும் சங்கிலி, கல்லில் கடைந்தது. வளைந்து கொடுக்கவே கொடுக்காத கருங்கல். 17-ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து வேலை. அந்தக் கை இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. திருமுருகன்பூண்டிச் சாலையோரப் பட்டறைகளில் காலை ஆறு மணிக்கே உளிச்சத்தம் கேட்கும்.

★

இன்னொரு தொட்டிக்கட்டு வீடு, தாராபுரம் பக்கம். மார்கழியில் போனோம். பகல் சின்னது, தெற்கு, கிழக்கு, மேற்குப் பக்கங்களை முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. வடக்கே இரண்டு அறைகள் பாக்கி. பொங்கல் கழித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பொங்கல் கழித்துப் போனபோது வாசலில் நாட்டு ஓடுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். தூண் நான்கும் பழைய மரக்கடைக்குப் போய்விட்டனவாம். பாகம் பிரித்துவிட்டார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. தொட்டி இருந்த இடத்தில் ஜேசிபி நின்றுகொண்டிருந்தது.

அந்த வரைபடம் என்னிடம் இருக்கிறது. மூன்று பக்கம் முழுக்கோடு. வடக்கே இரண்டு அறைகளும் புள்ளிக்கோடு.